உங்க ஆர் பேக்கேஜை மத்தவங்க சரியா சைட் பண்ணணும்னா என்னென்ன செய்யணும்: புதுசா எழுதுறவங்களுக்கு

நாலு வருஷம் முன்னாடி காரைக்குடி, தேவகோட்டை பக்கம் இருக்குற ஊருணிகளோட தண்ணி மட்டத்தையும் மழை அளவையும் வச்சு, பதிவு விட்டுப்போன மாசங்களுக்கு கணக்கு போடுற மாதிரி ஆர்ங்கிற புள்ளியியல் கணினி மொழியில ஒரு சின்ன பேக்கேஜ் (மத்தவங்களும் எடுத்து ஓட்டுற மாதிரி கட்டி வைக்கிற புரோகிராம் கோடு) எழுதுனேன். என் பிஎச்டி வேலைக்காக எழுதுனதுதான், கோடை எல்லாரும் எடுக்குற மாதிரி வைக்கிற கிட்ஹப் தளத்துல போட்டேன், தெரிஞ்சவங்க எடுத்தாங்க, அப்புறம் தெரியாதவங்களும் எடுத்தாங்க, சந்தோஷமா இருந்துச்சு. போன வருஷம் ஒரு வேலைக்கு அப்ளிகேஷன் போடும்போது "உங்க சாஃப்ட்வேரை யாரெல்லாம் பயன்படுத்திருக்காங்க, ஆதாரம் இணைக்கவும்"னு ஒரு கேள்வி இருந்துச்சு. அப்பதான் உக்காந்து தேடுனேன். ஆறு ஆய்வேடு, ரெண்டு கட்டுரை கிடைச்சுது. எட்டுலயும் எட்டு விதமா எழுதிருக்காங்க. ஒண்ணுல வெறும் கிட்ஹப் லிங்க், ஒண்ணுல நன்றியுரைல மட்டும் என் பேரு, இன்னொண்ணுல என் பேரு இருக்க வேண்டிய இடத்துல எங்க அப்பச்சி (அப்பா) பேரோட முதல் எழுத்து மட்டும் தனியா நிக்குது. எதுவுமே எந்த கணக்குலயும் சேரல.

தப்பு அவங்க மேல இல்லீங்க. எப்படி சைட் பண்ணணும்னு, அதாவது மேற்கோளா எப்படி குறிப்பிடணும்னு, நான் எங்கயும் சொல்லி வைக்கல. அதை சரி பண்ண எனக்கு மூணு மாசம் ஆச்சு, எது எங்க இருக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயித்துக்கிழமைல முடிஞ்சிருக்கும். நீங்க அந்த மூணு மாசத்தை செலவு பண்ண வேண்டாம்னுதான் இதை எழுதுறேன்.

ஒரு விஷயம், இதுல வர்ற கமாண்ட், ஃபைல் பேரு, ஃபீல்டு பேரு எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதிருக்கேன். நீங்க அடிக்கும்போது இங்கிலீஷ் எழுத்துல அடிங்க.

1. உக்கார்றதுக்கு முன்னாடி கையில எடுத்து வச்சுக்க வேண்டியது

ஒரு ஆர்க்கிட் நம்பர் வேணும், ஆராய்ச்சி பண்றவங்க ஒவ்வொருத்தருக்கும் தனியா இருக்குற அடையாள எண். அது 16 இலக்கம், பதிவு பண்ண அஞ்சு நிமிஷம், காசு கிடையாது. கூட எழுதுனவங்க எல்லாரோட ஆர்க்கிட்டையும் வாங்கிடுங்க, இதுலதான் நாள் போகும், ஏன்னா பாதிப்பேருக்கு நம்பர் இருக்கும் ஆனா பாஸ்வேர்ட் மறந்திருக்கும். கிட்ஹப் அக்கவுன்ட், ஸெனோடோ (கோடை நிலையா சேமிச்சு வைக்கிற தளம்) அக்கவுன்ட் ரெண்டும் வேணும், ரெண்டும் இலவசம், கிட்ஹப்பை வச்சே ஸெனோடோவுல லாகின் ஆகிடலாம். உங்க முறையை விளக்குற கட்டுரை ஏற்கனவே வந்திருந்தா அதோட டிஓஐ (மாறாத அடையாள எண்), வால்யூம் நம்பர், பக்க எண் எல்லாத்தையும் ஒரு நோட்பேட்ல போட்டு வச்சுக்கங்க. பேக்கேஜுக்கு லைசென்ஸ் என்னன்னு முடிவு பண்ணிருக்கணும். இமெயில் ஐடி சொந்த ஐடியா இருக்கட்டும், யுனிவர்சிட்டி குடுத்த ஐடி படிப்பு முடிஞ்சதும் மூடிருவாங்க, அப்புறம் க்ரான்லேருந்து (ஆர் பேக்கேஜ்களை சேத்து வைக்கிற பொதுக் கிடங்கு) வர்ற மெயில் உங்களுக்கு வரவே வராது.

காப்பிரைட் ஆபீஸ்ல பதிவு பண்ணாத்தான் சைட் பண்ண முடியும்னு என்கிட்ட ஒருத்தர் அடிச்சு சொன்னாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

2. பேரை எப்படி எழுதணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க

இதை தாண்டி போயிடாதீங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு அதிகமா அடி விழுறது இங்கதான்.

சைட்டேஷன் ஃபைல் எதுவா இருந்தாலும் பேரை ரெண்டு பெட்டியா கேக்கும், ஒண்ணு கிவன் நேம், இன்னொண்ணு ஃபேமிலி நேம். நமக்கு ஃபேமிலி நேம் கிடையாது, இனிஷியல்தான். இப்ப மெய்யப்பன்னு ஒருத்தர், அப்பா பேரு அருணாசலம்னு வச்சுக்குவோம். அவரு "மெய்யப்பன் ஏஆர்"னு இனிஷியலை பின்னாடி போட்டு எழுதுனா, பிப்டெக் (மேற்கோள் பட்டியலை தயார் பண்ற சாஃப்ட்வேர்) கடைசியா வர்ற வார்த்தையைத்தான் ஃபேமிலி நேம்னு எடுத்துக்கும். அப்ப ஆய்வேட்டுல "ஏஆர், எம்."னு அச்சாகும். மெய்யப்பன் காணாமப் போயிடுவாரு. எனக்கு நடந்தது இதேதான்.

சரி, இனிஷியலை முன்னாடி போட்டா? "ஏஆர். மெய்யப்பன்"னு எழுதுனா மெய்யப்பன் தப்பிச்சுருவாரு, ஆனா இனிஷியலை சுருக்குற ஸ்டைல் எல்லாம் முதல் எழுத்தை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை வெட்டிரும். நம்ம செட்டிநாட்டுப் பக்கம் அரு., அழ., ராம., பழ., சித.னு அசையா இனிஷியல் போடுற பழக்கம், இங்கிலீஷ்ல எழுதும்போதும் ஏஆர், ஏஎல், ஆர்எம், பிஎல்னு ரெண்டு எழுத்தா போடுவோம், எதுக்குன்னா ஒரே ஊர்ல பத்து மெய்யப்பன் இருப்பாங்க, அந்த ரெண்டாவது எழுத்துதான் யாருன்னு பிரிச்சு சொல்லும். பிப்டெக்குக்கு அது தெரியாது. ஏஆர் மெய்யப்பனும் ஏஎல் மெய்யப்பனும் அதுக்கு "ஏ. மெய்யப்பன்"தான், ரெண்டு பேரு வேலையும் ஒருத்தர் கணக்குல ஏறிடும். விசேஷ வீட்டுல மொய் எழுதும்போது ஊரு, இனிஷியல், அப்பா பேரு எல்லாத்தையும் கேட்டு கேட்டு எழுதுவாங்கள்ல, அதே கவனம் இங்கயும் வேணும்.

நான் பாத்தவரைக்கும் நல்லா வேலை செய்யுறது இதுதான். உங்க சொந்தப் பேரை ஃபேமிலி பெட்டியில போடுங்க, அப்பா பேரை முழுசா விரிச்சு கிவன் பெட்டியில போடுங்க. அப்ப சுருக்குனாலும் "ஏ. மெய்யப்பன்"னு உங்க பேரு முழுசா நிக்கும், சுருக்காத ஸ்டைல்ல "அருணாசலம் மெய்யப்பன்"னு வரும். கூடவே ஆர்க்கிட் இருந்தா இன்னொரு மெய்யப்பனோட குழப்பம் வராது. ஆனா ஒண்ணு, ஏற்கனவே பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரி அப்பா பேரை சர்நேமா வச்சு கட்டுரை போட்டுட்டீங்கன்னா அதையே தொடருங்க, நடுவுல மாத்துனா நீங்க ரெண்டு ஆளா ஆயிடுவீங்க. ஆர்க்கிட்ல ஃபேமிலி நேம் கட்டாயம் இல்ல, கூடவே வேற வடிவங்களையும் சேத்து வைக்கலாம், அதனால இதுவரைக்கும் வந்த எல்லா தப்பு வடிவத்தையும் அங்க போட்டு வச்சிருங்க.

நிறுவனம், குழு பேரு வந்தாலும் இதே பிரச்சினைதான். ஆர் மென்பொருளையே எத்தனை ஆய்வேட்டுல "டீம், ஆர். சி."னு போட்டிருக்காங்கன்னு பாருங்க, ஆரை உருவாக்குற ஆர் கோர் டீம்ங்கிற குழுவை ஒரு மனுஷன் பேரா பிப்டெக் எடுத்துக்குது. நெளிவு அடைப்புக்குறி போட்டு மொத்தமா பூட்டணும், சிஎஃப்எஃப் ஃபைல்ல (கிட்ஹப்ல வைக்கிற சைட்டேஷன் ஃபைல், அஞ்சாவது படியில வருது) இதுக்குன்னே நேம்னு தனி ஃபீல்டு இருக்கு.

3. எதை சைட் பண்ணணும், யாரு பேரு வரணும்

பேக்கேஜையா, இல்ல அதைப் பத்தின கட்டுரையையா? ரெண்டும் இருந்தா ரெண்டையும் காட்டுங்க, ஆனா எது எதுக்குன்னு ஒரு வரி எழுதாம விட்டுடாதீங்க. பயன்படுத்துறவரு ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல கெட்டிக்காரரா இருக்கணும்னு அவசியம் இல்ல, ராத்திரி 11 மணிக்கு ஆய்வேட்டோட கடைசி பக்கத்தை எழுதிட்டு இருப்பாரு, அஞ்சு கட்டுரையை வரிசையா காட்டுனா முதல்ல இருக்குறதை எடுத்து ஒட்டிட்டுப் போயிடுவாரு.

நல்ல உதாரணம் பாக்கணும்னா எம்ஜிசிவி பேக்கேஜோட சைட்டேஷனை எடுத்து பாருங்க. அஞ்சு இருக்கு, ஆனா 2011ல வந்தது எந்த முறைக்கு, 2016ல வந்தது எதுக்கு, 2017 புத்தகம் பொதுவான அறிமுகத்துக்குன்னு தலைப்புலயே பிரிச்சு எழுதிருக்காங்க. எல்எம்ஈ4 நேர்மாறா ஒண்ணே ஒண்ணுதான், 2015ல ஜர்னல் ஆஃப் ஸ்டாட்டிஸ்டிக்கல் சாஃப்ட்வேர்ல வந்த கட்டுரை. சின்ன பேக்கேஜுக்கு ஒண்ணே போதும்னு நான் நினைக்கிறேன், ரெண்டுக்கு மேல வேண்டாம்.

யாரு பேரு வரணும்ங்கிறதுல சண்டை வரும், கோடு எழுதுறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுருங்க. ஆர்ல பேக்கேஜோட விவரம் இருக்குற டிஸ்க்ரிப்ஷன் ஃபைல்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு ரோல் குடுக்கணும். "ஏயுடி"ன்னு போட்டவங்க ஆசிரியருங்க, சைட்டேஷன்ல வருவாங்க. "சிடிபி"ன்னா சின்னதா உதவி பண்ணவங்க, சைட்டேஷன்ல வர மாட்டாங்க. "சிஆர்ஈ"ன்னா பராமரிக்கிறவரு, ஒருத்தர்தான் இருக்கணும், அவருக்கு இமெயில் கட்டாயம். கைடுக்கு "டிஹெச்எஸ்"னு தனி ரோலே இருக்கு, காசு குடுத்த அமைப்புக்கு "எஃப்என்டி", டேட்டா குடுத்தவங்களுக்கு "டிடிசி". கைடு நிஜமா கோடுலயும் முறையிலயும் வேலை செஞ்சிருந்தா "ஏயுடி" போடுங்க, இல்லன்னா "டிஹெச்எஸ்" மரியாதையான இடம்தான். இதை நேர்ல போய் பேசுங்க, மெயில்ல பேசாதீங்க. நான் மெயில்ல கேட்டு பதில் வர மூணு வாரம் ஆச்சு, நேர்ல போயிருந்தா ஒரு காபி குடிக்கிற நேரம்.

4. ஆர் பேக்கேஜுக்குள்ள சைட்டேஷன் ஃபைல்

முதல்ல ஆர் கன்சோல்ல சைட்டேஷன்னு அடிச்சு அடைப்புக்குறிக்குள்ள மேற்கோள் குறியோட உங்க பேக்கேஜ் பேரை குடுத்து பாருங்க. நீங்க எந்த ஃபைலும் வைக்கலன்னாலும் டிஸ்க்ரிப்ஷன்லேருந்து அதுவா ஒண்ணு தயார் பண்ணி காட்டும். க்ரான்ல இல்லாத பேக்கேஜ்னா வருஷம் கண்டுபிடிக்க முடியலன்னு எச்சரிக்கை வரலாம், என்னோடதுல வந்துச்சு, அதனாலதான் ரெண்டு ஆய்வேட்டுல வருஷமே இல்லாம நின்னுச்சு.

சொந்தமா வைக்கிறதுக்கு யூஸ்திஸ் பேக்கேஜ்ல யூஸ் சைட்டேஷன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதை ஓட்டுனா இன்ஸ்ட் ஃபோல்டருக்குள்ள சைட்டேஷன்ங்கிற பேருல மாதிரி ஃபைல் வந்துரும். பேரு முழுக்க கேப்பிட்டல் எழுத்து, பின்னாடி எந்த எக்ஸ்டென்ஷனும் இல்ல. விண்டோஸ் நோட்பேட்ல சேவ் பண்ணா அதுவா பின்னாடி டிஎக்ஸ்டி ஒட்டிக்கும், அப்ப ஆர் அந்த ஃபைலை கண்டுக்கவே கண்டுக்காது, எந்த எரரும் காட்டாது. இதுக்கு ஒரு முழு நாள் தேடிருக்கேன்.

உள்ள எழுதும்போது பிப்என்ட்ரி ஃபங்ஷனை பயன்படுத்துங்க. நெட்ல கிடைக்குற பழைய உதாரணங்கள்ல சைட்என்ட்ரின்னு இருக்கும், அது பழைய முறை, க்ரானோட சோதனையான செக்ல குறை சொல்லி நோட் வரும். பேக்கேஜையே குறிக்கிறதா இருந்தா டைப் மேனுவல், கட்டுரைன்னா ஆர்ட்டிகிள், ஆர்ட்டிகிள் போட்டா ஆசிரியர், தலைப்பு, ஜர்னல், வருஷம் நாலும் இருந்தே ஆகணும். கீயையும் (மேற்கோளை கூப்பிடுறதுக்கு வைக்கிற சுருக்கப் பேரு) நீங்களே குடுத்துடுங்க, இல்லன்னா ஆளாளுக்கு ஒரு கீ போட்டுக்குவாங்க.

தலைப்புல ஆர்ங்கிற எழுத்து, உங்க பேக்கேஜ் பேரு ரெண்டையும் நெளிவு அடைப்புக்குறிக்குள்ள போடுங்க. பல பிப்டெக் ஸ்டைல் தலைப்பை எல்லாம் சின்ன எழுத்தா மாத்திரும், கேப்பிட்டல் ஆர் சின்ன ஆரா அச்சாகி நிக்கும்.

வெர்ஷன் நம்பரை கையால எழுதாதீங்க, அடுத்த தடவை மாத்த மறந்துருவீங்க. ஃபைல் படிக்கப்படும்போது மெட்டான்னு ஒண்ணு கிடைக்கும், மெட்டா டாலர் வெர்ஷன்னு எழுதுனா டிஸ்க்ரிப்ஷன்ல இருக்குற நம்பரை அதுவே எடுத்துக்கும். சில பேரு பேக்கேஜ்டிஸ்க்ரிப்ஷன் ஃபங்ஷனை கூப்பிட்டு வெர்ஷன் எடுப்பாங்க, அது உங்க கம்ப்யூட்டர்ல வேலை செய்யும், ஏன்னா உங்ககிட்ட பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகிருக்கு. க்ரான் அந்த ஃபைலை பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகாமலே படிக்கும், அங்க உடையும், திருப்பி அனுப்பிருவாங்க.

எழுதி முடிச்சதும் புதுசா ஆர் செஷன் திறந்து, பேக்கேஜை திரும்ப இன்ஸ்டால் பண்ணி, சைட்டேஷன் ஓட்டி, அதை டூபிப்டெக் ஃபங்ஷன்ல போட்டு, வந்ததை ஆய்வேடு அச்சுக்கோர்க்குற ஒரு நிஜ லேட்டெக் ஃபைல்லயோ ஸோடேரோங்கிற மேற்கோள் சாஃப்ட்வேர்லயோ ஒட்டி, ரெண்டு மூணு ஸ்டைல்ல அச்சு பாருங்க. கன்சோல்ல அழகா தெரியுறது பேப்பர்ல வேற மாதிரி வரும்.

5. கிட்ஹப்ல சிஎஃப்எஃப் ஃபைல்

உங்க ரெப்போவோட (கிட்ஹப்ல உங்க பேக்கேஜ் கோடு மொத்தமும் இருக்குற இடம்) மெயின் பிராஞ்ச்ல, எந்த ஃபோல்டருக்குள்ளயும் போடாம, சைட்டேஷன் புள்ளி சிஎஃப்எஃப்ங்கிற ஃபைல் இருந்தா, வலது பக்கம் அபவுட் பகுதியில "இந்த ரெப்போவை சைட் பண்ண"ங்கிற மாதிரி ஒரு இணைப்பு தானா வரும். கிட்ஹப் இதை 2021லேருந்து குடுக்குது. அதை தட்டுனா ஏபிஏ வடிவம், பிப்டெக் வடிவம் ரெண்டும் காப்பி பண்ண ரெடியா இருக்கும். என்னைக் கேட்டா இதைவிட பலன் குடுக்குற அரைமணி நேர வேலை வேற கிடையாது.

கட்டாயம் வேண்டியது நாலுதான்: சிஎஃப்எஃப் வடிவத்தோட வெர்ஷன், ஒரு மெசேஜ், தலைப்பு, ஆசிரியர்கள். கையால எழுத பயமா இருந்தா சிஎஃப்எஃப்இனிட்னு இணையதளம் ஒண்ணு இருக்கு, ஃபார்ம் மாதிரி நிரப்பலாம். ஆர் பேக்கேஜ்னா சிஎஃப்எஃப்ஆர்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, டிஸ்க்ரிப்ஷன்லேருந்தும் முந்தின படியில எழுதுன ஃபைல்லேருந்தும் இதை தயார் பண்ணிக் குடுத்துரும், நான் அதைத்தான் பயன்படுத்துறேன், ரெண்டு இடத்துல ரெண்டு விதமா பேரு வர்ற ஆபத்து அதுல இல்ல.

மாட்டிக்கிற இடங்களை சொல்லிடுறேன். டேப் கீ அழுத்தாதீங்க, ஸ்பேஸ் மட்டும்தான். தேதியை வருஷம், மாசம், நாள்னு எழுதணும், நம்ம பழக்கத்துல நாளை முன்னாடி போட்டா ஏத்துக்காது. ஆர்க்கிட்டை முழு இணைய முகவரியா எழுதணும், ஆனா ஆரோட டிஸ்க்ரிப்ஷன்ல வெறும் நம்பரே போதும், இந்த வித்தியாசத்துல நிறைய பேரு தடுக்கி விழுறாங்க. கட்டுரையைத்தான் சைட் பண்ணணும்னா ப்ரிஃபர்ட் சைட்டேஷன்ங்கிற பகுதியை சேருங்க, அது இருந்தா கிட்ஹப் அந்த கட்டுரையை காட்டும்.

6. டிஓஐ வாங்குறது

கிட்ஹப் லிங்க் நிலைச்சது இல்ல, நீங்களே நாளைக்கு அக்கவுன்ட் பேரை மாத்தலாம், ரெப்போவை அழிக்கலாம். ஸெனோடோ சேர்ன் ஆராய்ச்சி மையம் நடத்துறது, 2013லேருந்து இருக்கு, இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரைக்கும் தர்றாங்க, நமக்கு அதுல நூத்துல ஒரு பங்குகூட வேண்டாம்.

ஸெனோடோவுல லாகின் ஆகி, கிட்ஹப் பகுதிக்குப் போய், உங்க ரெப்போ பக்கத்துல இருக்குற சுவிட்சை முதல்ல ஆன் பண்ணுங்க. அதுக்கப்புறம்தான் கிட்ஹப்ல ரிலீஸ் போடணும், அதாவது ஒரு வெர்ஷனை வெளியிடணும். சுவிட்ச் போடுறதுக்கு முன்னாடி போட்ட ரிலீஸை அது எடுக்காது. நான் மொதல்ல ரிலீஸை போட்டுட்டு ரெண்டு நாள் காத்துக்கிட்டு இருந்தேன். சரியான வரிசையில செஞ்சா சில நிமிஷத்துல டிஓஐ வந்துரும்.

வந்ததும் பாத்தீங்கன்னா ரெண்டு டிஓஐ இருக்கும். ஒண்ணு அந்த வெர்ஷனுக்கு மட்டும், இன்னொண்ணு எல்லா வெர்ஷனுக்கும் பொதுவானது. ரீட்மீ ஃபைல்லயும் (ரெப்போ பக்கத்துல தெரியுற விளக்கம்) சிஎஃப்எஃப்லயும் பொதுவானதை போடுங்க, ஏன்னா ஒரு வெர்ஷனோட டிஓஐ ரிலீஸ் போட்ட பிறகுதான் தெரியும், அதை அதே ரிலீஸுக்குள்ள எழுத முடியாது, எழுதப் போனா முடிவே இல்லாம சுத்தணும். பயன்படுத்துறவங்ககிட்ட மட்டும் "நீங்க ஓட்டுன வெர்ஷனோட நம்பரையும் சேத்து எழுதுங்க"ன்னு சொல்லுங்க. கணக்கு போடுற சாஃப்ட்வேருக்கு வெர்ஷன் ரொம்ப முக்கியம், என்னோட 0.3ல இருந்த ஒரு தப்பு 0.4ல சரியாச்சு, எந்த வெர்ஷன்னு எழுதலன்னா அந்த ஆய்வேட்டு எண்ணை எப்படி நம்புறது?

ஆசிரியர் பேரு மாதிரி விவரங்களை ஸெனோடோவுல பின்னாடியும் திருத்திக்கலாம், கோடு மாறுனா புது வெர்ஷன்தான் போடணும். ரெப்போவுல ஸெனோடோவுக்குன்னு தனி ஜேசன் ஃபைல் இருந்தா அது சிஎஃப்எஃப்பை ஓரங்கட்டிட்டு தன் விவரத்தைத்தான் காட்டும், ரெண்டையும் வச்சிருக்காதீங்க.

பேக்கேஜ் க்ரான்ல இருந்தா இன்னொரு வசதி, க்ரானே ஒவ்வொரு பேக்கேஜுக்கும் 10.32614ன்னு தொடங்குற டிஓஐ குடுத்திருக்கு, தனியா கேக்க வேண்டியதில்ல. அப்படி இருக்கும்போது அதையும் ஸெனோடோவையும் மாத்தி மாத்தி காட்டாதீங்க, ஒண்ணை முன்னாடி வைங்க. பேக்கேஜுக்கு க்ரான் டிஓஐ, குறிப்பிட்ட வெர்ஷனை பாதுகாக்க ஸெனோடோ, அப்படித்தான் நான் வச்சிருக்கேன்.

இதையெல்லாம் வாங்கித் தர்றோம்னு ஒருத்தர் என்கிட்ட 3500 ரூபாய் கேட்டாரு. குடுத்துராதீங்க. நீங்களே செஞ்சா சுழியம் ரூபாய்.

7. எங்கெங்க காட்டணும்

ஆளுங்க கை எங்க போகுதோ அங்க இருக்கணும். ரீட்மீல இன்ஸ்டால் பண்றது எப்படிங்கிற பகுதிக்கு கீழயே "சைட் பண்றது எப்படி"ன்னு ஒரு தலைப்பு, அதுக்கு அடியில ஒட்டுறதுக்கு தயாரா இருக்குற வரியும் பிப்டெக்கும். பக்கத்தோட அடியில புதைக்காதீங்க. பேக்கேஜ்டவுன் வச்சு வெப்சைட் போட்டீங்கன்னா உங்க சைட்டேஷன் ஃபைலை எடுத்து ஓரத்துல அதுவே இணைப்பு குடுத்துரும். க்ரான் பக்கத்துலயும் ஃபைல் இருந்தா தனி இணைப்பு வரும். டிஸ்க்ரிப்ஷன் ஃபைலுக்குள்ள அதே பேருல இருக்குற டிஸ்க்ரிப்ஷன் பகுதியில உங்க முறையோட கட்டுரையை ஆசிரியர், வருஷம், அப்புறம் கூர் அடைப்புக்குறிக்குள்ள டிஓஐ, முக்காற்புள்ளி, நம்பர்னு எழுதணும், முக்காற்புள்ளிக்கு அப்புறம் இடம் விடக்கூடாது, விட்டா லிங்க் ஆகாது, க்ரான்ல இருந்து திருத்தச் சொல்லி மெயில் வரும்.

லைப்ரரியை கூப்பிட்டதும் "தயவு செஞ்சு என்னை இப்படி சைட் பண்ணுங்க"ன்னு மெசேஜ் வர்ற மாதிரி வைக்கலாமான்னு நிறைய பேரு கேக்குறாங்க. ஸ்டார்கேஸர் பேக்கேஜ் அப்படித்தான் காட்டுது. எனக்கு இதுல முழு சம்மதம் இல்ல. தினம் நாப்பது தடவை ஓட்டுறவருக்கு நாப்பது தடவையும் அதே வரி வரும், நாலாவது நாள் கண்ணு அதை பாக்காது, ரிப்போர்ட் தயார் பண்ணும்போது பக்கத்துக்கு நடுவுல போய் உக்காந்துக்கும். வைச்சே ஆகணும்னா ஒரே வரி, அதுவும் முழு சைட்டேஷன் வேண்டாம், எந்த கமாண்ட் அடிச்சா கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க. அதை ஆன்அட்டாச் ஃபங்ஷனுக்குள்ள பேக்கேஜ்ஸ்டார்ட்அப்மெசேஜ் வழியாத்தான் காட்டணும், ப்ரின்ட் வச்சு காட்டுனா வேண்டாங்கிறவங்களால அதை அடக்க முடியாது, செக்லயும் சிக்கும்.

என்னோடதுல மெசேஜை எடுத்துட்டு, முக்கியமான ஃபங்ஷனோட உதவிப் பக்கத்துல ரெஃபரன்ஸ் பகுதியில போட்டேன். ஆர்க்யுமென்ட் என்னன்னு பாக்க எல்லாரும் அந்தப் பக்கத்தை எப்படியும் திறப்பாங்க.

பைத்தான்ல ஆர் மாதிரி பொதுவான சைட்டேஷன் கமாண்ட் கிடையாது, அதனால அங்க சிஎஃப்எஃப்பும் வெப்சைட்ல தனிப் பக்கமும்தான் வழி, ஸ்டாட்ஸ்மாடல்ஸ் 2010 கட்டுரையையும் சைகிட்லேர்ன் 2011 கட்டுரையையும் அப்படித்தான் காட்டுறாங்க. ஸ்டாட்டாங்கிற புள்ளியியல் சாஃப்ட்வேருக்கு கமாண்ட் எழுதுனா உதவி ஃபைலோட கடைசியில எழுதிடுங்க.

8. செலவும் நாளும்

ஆர்க்கிட், கிட்ஹப் பொது ரெப்போ, ஸெனோடோ, க்ரான், எதுக்கும் ஒத்தை ரூபாய் கிடையாது. எனக்கு ஆன செலவு செக்காலை ரோட்டுல பழைய ஆய்வேடுகளை ஜெராக்ஸ் எடுத்ததுக்கு 180 ரூபாய், அவ்வளவுதான்.

நாள் கணக்கு: பேரு முடிவு பண்ணி ஆர்க்கிட் வாங்க ஒரு நாள், கூட எழுதுனவங்களுக்காக காத்திருக்க ஒரு வாரம் வச்சுக்கங்க. ஃபைல் ரெண்டும் எழுத அரை நாள். ஸெனோடோ ஒரு மணி நேரம். க்ரான்தான் கணிக்க முடியாதது, அனுப்புனதும் பராமரிப்பாளருக்கு உறுதி பண்ணச் சொல்லி மெயில் வரும், அதை தட்டலன்னா அனுப்புனதாவே கணக்கு இல்ல. புது பேக்கேஜை மனுஷங்க உக்காந்து பாப்பாங்க, எனக்கு ஒரு தடவை திருப்பி அனுப்பி மொத்தம் 11 நாள் ஆச்சு. ஆகஸ்ட்லயும் வருஷக் கடைசியிலயும் அவங்க லீவு விடுவாங்க, ஆய்வேடு சமர்ப்பிக்கிற தேதியை அதுக்குப் பக்கத்துல வச்சுக்காதீங்க. ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல அப்டேட் அனுப்பக்கூடாதுங்கிறது அவங்க எதிர்பார்ப்பு, அதனால சைட்டேஷன்ல எழுத்துப்பிழை இல்லாம அனுப்புங்க, அதுக்காக மட்டும் திரும்ப அனுப்புற மாதிரி வச்சுக்காதீங்க.

கட்டுரையும் வேணும்னு நினைச்சா ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இருக்கு, சுருக்கமா ஜாஸ்னு சொல்லுவாங்க, 2016ல தொடங்குனது. ஜர்னல் ஆஃப் ஸ்டாட்டிஸ்டிக்கல் சாஃப்ட்வேர் 1996லேருந்து வருது. ரெண்டுலயும் ஆசிரியர்கிட்ட காசு வாங்குறதில்ல. ரெண்டுக்கும் மாசக்கணக்குல ஆகும், ஜாஸ்ல ரிவ்யூ கிட்ஹப்ல எல்லாரும் பாக்குற மாதிரியே நடக்கும், ஏத்துக்கும்போது ஸெனோடோ மாதிரி ஒரு இடத்துல சேமிச்ச டிஓஐ கேப்பாங்க, நீங்க ஆறாவது படியை முடிச்சிருந்தா அது கையில இருக்கும். டிஓஐ வந்த ரெண்டாவது வாரத்துலேருந்து "உங்க கட்டுரையை நாலு நாள்ல வெளியிடுறோம்"னு மெயில் வர ஆரம்பிக்கும், காசு கேக்குற அந்த மெயில் எதையும் திறக்காதீங்க.

9. ஏற்கனவே தப்பா சைட் பண்ணவங்களை என்ன பண்றது

மேல சொன்னது எல்லாம் முடிஞ்ச பிறகு அந்த எட்டு பேருக்கும் தனித்தனியா மெயில் போட்டேன். குறை சொல்லி எழுதாதீங்க. பயன்படுத்துனதுக்கு நன்றி, முன்னாடி நான் சரியான விவரம் குடுக்கல, இப்ப இது தயாரா இருக்குன்னு எழுதி பிப்டெக்கை மெயிலுக்குள்ளயே ஒட்டி அனுப்புங்க, அட்டாச்மென்ட் வேண்டாம். அச்சாகி வந்த கட்டுரையை திருத்துறது கஷ்டம், அதை கேக்காதீங்க, அவங்க அடுத்து எழுதப்போற கட்டுரைக்கு கேளுங்க. அஞ்சு பேரு பதில் போட்டாங்க. அதுல கோட்டையூர்லேருந்து ஒரு தங்கச்சி ஆய்வேட்டை இன்னும் பைண்டிங்குக்கு குடுக்கல போல, அன்னிக்கே மாத்திட்டு அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புச்சு. இனிஷியல் விரிஞ்சு, பேரு முழுசா, வெர்ஷன் 0.4, டிஓஐயோட இருந்துச்சு.